இருப்பிடம் தெரியாத இரண்டாம் பிரதிவாதி

என் கொள்ளுத்தாத்தாவுக்கு உடன்பிறந்தவர் எவரும் இல்லை என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லி வந்தார்கள். பாட்டி அதை உறுதியாகச் சொன்னார். அப்பாவும் அதையே கேட்டு வளர்ந்தார். குடும்பத்தின் கொடிவழியை எழுதத் தொடங்கியபோது நானும் அந்தத் தலைமுறைக்கு நேரே ஒற்றைப் பெயரை எழுதிவிட்டு, மேற்கொண்டு தேட ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டேன். ஆறு ஆண்டுகள் கழித்து, அவர் வாழ்ந்த வட்டாரத்தில் வெளிவந்த பழைய வாரப் பத்திரிகை ஒன்றின் கடைசிப் பக்கத்தில், ஒரு மருந்து விளம்பரத்துக்கும் ஓர் ஏல அறிவிப்புக்கும் நடுவே, ஐந்து வரிகளில் அச்சாகியிருந்த நீதிமன்ற அறிவிப்பைக் கண்டேன். சொத்து வழக்கொன்றின் இரண்டாம் பிரதிவாதி எங்கிருக்கிறார் என்று தெரியாததால் அழைப்பாணையை அவரிடம் நேரில் சேர்க்க இயலவில்லை என்றும், குறித்த நாளில் அவர் முன்னிலையாகாவிட்டால் அவர் இல்லாமலேயே வழக்கு விசாரிக்கப்படும் என்றும் அந்த அறிவிப்பு சொன்னது. முதல் பிரதிவாதி என் கொள்ளுத்தாத்தா. இருவருக்கும் தந்தையின் பெயர் ஒன்றே.

வழக்கில் சம்பந்தப்பட்ட ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாதபோது பத்திரிகையில் அறிவிப்பு வெளியிடும்படி நீதிமன்றம் உத்தரவிடுவது பல நாடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் நடைமுறை. அப்படிப்பட்ட அறிவிப்பில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், ஆண்டு, வாதி, பிரதிவாதிகள், விசாரணை நாள் ஆகியவை பெரும்பாலும் இருக்கும். குடும்ப வரலாறு தேடுபவருக்கு இதைவிடப் பயனுள்ள ஐந்து வரிகள் வேறெங்கும் கிடைப்பது அரிது. பத்திரிகையை மட்டும் படித்திருந்தால் எனக்கு ஒரு பெயர் மட்டுமே கிடைத்திருக்கும். நீதிமன்றப் பதிவறைக்கு மட்டும் போயிருந்தால் எந்த ஆண்டின் எந்த வழக்குக் கட்டைக் கேட்பது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. இரண்டையும் சேர்த்துப் படித்ததால்தான் அந்தக் குடும்பம் எனக்குத் தெரியவந்தது. இந்தத் தேடலில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், நான் கற்றுக்கொண்டவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பத்திரிகைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னோரைத் தேடுபவர்கள் பெரும்பாலும் இறப்பு அறிவிப்பையும் திருமண அறிவிப்பையும் மட்டும் தேடிவிட்டு நின்றுவிடுகிறார்கள். தலைநகரத்தின் பெரிய நாளிதழில் சாமானியர்களுக்கு இடம் கிடைப்பது அரிது. ஆனால் ஒரு சிறு வட்டாரத்துக்குள் விற்பனையாகும் வாரப் பத்திரிகைக்கு அந்த வட்டாரத்து மனிதர்கள்தாம் செய்தி. யார் யார் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து தங்கினார்கள், எந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளை பரிசு வாங்கியது, யாருடைய களஞ்சியம் எரிந்தது, யார் கடையை மூடிவிட்டு வெளியூர் போனார்கள் என்பவையெல்லாம் அதில் பெயரோடு அச்சாகும். இன்னாருடைய தங்கை இன்ன ஊரிலிருந்து கணவரோடு வந்து இரண்டு வாரம் தங்கிச் சென்றார் என்ற ஒரே வரியிலிருந்து, அந்தத் தங்கை எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டார், அந்த ஆண்டில் அவர் உயிரோடு இருந்தாரா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். அமெரிக்காவில் அஞ்சலகத்தில் வந்து கிடந்து யாரும் வாங்காத கடிதங்களின் பட்டியலைக்கூடப் பத்திரிகைகள் வெளியிட்டன. அந்தப் பட்டியலில் ஒருவர் பெயர் இருந்தால், அவர் அந்த ஊரில் இருப்பதாக எங்கோ ஒருவர் நம்பி எழுதியிருக்கிறார் என்று பொருள்.

காணாமற்போன உறவினரைத் தேடி மக்களே கொடுத்த விளம்பரங்களைப் படிக்கும்போது மனம் கனத்துப்போகிறது. பாஸ்டன் நகரில் வெளிவந்த 'பைலட்' பத்திரிகை, அமெரிக்காவுக்குக் குடியேறிய அயர்லாந்து மக்களுக்காக 1831 முதல் 1921 வரை இத்தகைய விளம்பரங்களை வெளியிட்டது. அண்ணனைத் தேடும் தம்பியும் கணவனைத் தேடும் மனைவியும் தேடப்படுபவர் பிறந்த சிற்றூரையும், கப்பலேறிய துறைமுகத்தையும், கடைசியாகக் கடிதம் வந்த இடத்தையும் அதில் எழுதினார்கள். எந்த அரசுப் பதிவேட்டிலும் ஒரே இடத்தில் காணக் கிடைக்காத விவரங்கள் இவை. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின், அடிமைச் சந்தையில் பிரித்து விற்கப்பட்ட தாயையும் பிள்ளைகளையும் உடன்பிறந்தோரையும் தேடிக் கறுப்பின மக்கள் தேவாலயப் பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். நியூ ஆர்லியன்ஸில் வெளிவந்த 'சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட்' என்னும் பத்திரிகையில் 'இழந்த நண்பர்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் இதற்கென ஒரு பகுதியே இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் செய்தி எட்ட வேண்டும் என்பதற்காக, அந்தக் கடிதங்களை வழிபாட்டு மேடையிலிருந்து வாசிக்கும்படி போதகர்களை அப்பத்திரிகை கேட்டுக்கொண்டது. எந்த உடைமையாளரிடமிருந்து எந்த உடைமையாளருக்கு, எந்த வயதில், எந்த ஊரில் விற்கப்பட்டோம் என்று அம்மக்கள் நினைவிலிருந்து சொன்ன விவரங்கள், அவர்களுடைய கொள்ளுப்பேரர்களுக்கு இன்று மூல ஆவணங்களாக இருக்கின்றன. அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களில் பெரும்பாலோரின் பெயர் முதன்முதலாக இடம்பெற்றது 1870ஆம் ஆண்டில்தான். அதற்கு முந்தைய காலத்தைத் தேடுவோருக்கு இந்த விளம்பரங்களும் நீதிமன்ற ஆவணங்களுமே வழிகாட்டுகின்றன.

பத்திரிகையைக் கண்டுபிடித்துவிட்டால் போதாது, அதைப் படிக்கவும் பழக வேண்டும். பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் 'இன்ஸ்ட்.' என்ற சுருக்கம் நடப்பு மாதத்தையும், 'அல்ட்.' என்பது சென்ற மாதத்தையும், 'ப்ராக்ஸ்.' என்பது அடுத்த மாதத்தையும் குறிக்கும். மார்ச் 3ஆம் தேதி இதழில் '28 அல்ட்.' அன்று இறந்தார் என்று இருந்தால் அவர் இறந்தது பிப்ரவரி 28. இதை அறியாமல் மார்ச் 28 என்று எழுதிவைத்த கொடிவழிகளை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு சிக்கலும் உண்டு. சிறு பத்திரிகைகள் வேறு பத்திரிகைகளிலிருந்து செய்திகளை அப்படியே எடுத்து அச்சிட்டன. மூலத்தில் 'நடப்பு மாதம்' என்று இருந்தது, மறு அச்சில் மாதம் மாறிய பின்னும் 'நடப்பு மாதம்' என்றே நின்றுவிடும். ஆகவே செய்தி முதலில் எங்கே வந்தது என்று பார்க்காமல் தேதியை முடிவு செய்யக் கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்துக்குள் நுழைபவர்கள், 1752இல் அங்கு நாட்காட்டி மாற்றப்பட்டதையும், அவ்வாண்டு செப்டம்பர் 2ஆம் தேதிக்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனதையும், அதற்கு முன்பு சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25ஆம் தேதி தொடங்கியதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அக்காலத்து ஆவணத்தில் 1740 பிப்ரவரி என்று இருந்தால், இன்றைய கணக்கில் அது 1741 பிப்ரவரி.

இணையத்தில் தேடுவது இன்று பெரும் வசதியாகிவிட்டது. ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்', நியூசிலாந்துத் தேசிய நூலகத்தின் 'பேப்பர்ஸ் பாஸ்ட்', அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 'க்ரானிக்லிங் அமெரிக்கா' ஆகியவற்றில் கோடிக்கணக்கான செய்திகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். பிரிட்டிஷ் நூலகத்தின் தொகுப்பிலிருந்து 2011இல் தொடங்கப்பட்ட 'பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ்' பெரும்பாலும் கட்டணத் தளம். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் 'தமிழ் முரசு' நாளிதழின் பழைய இதழ்களை மின்வடிவில் பாதுகாத்து வைத்திருக்கிறது. ஆனால் தேடுபொறியில் பெயரை உள்ளிட்டு, ஒன்றும் வரவில்லை என்றதும், பத்திரிகையில் ஒன்றும் இல்லை என்று முடிவு செய்வது பெரிய தவறு. நான் அந்தத் தவறைச் செய்தேன். அதனால்தான் எனக்கு ஆறு ஆண்டுகள் ஆயின.

இந்தத் தளங்களில் நாம் தேடுவது பத்திரிகையை அன்று. பத்திரிகைப் பக்கத்தின் படத்தைப் பார்த்து எழுத்துணரி மென்பொருள் ஊகித்து எழுதிய உரையைத்தான். மை பரவியிருந்தால், தாள் மடிந்திருந்தால், நுண்படச் சுருளில் (மைக்ரோஃபிலிமில்) ஒளி குறைந்திருந்தால் அந்த உரை சிதைந்துவிடும். பழைய ஆங்கில அச்சில் 'எஸ்' எழுத்துக்கு இருந்த நீண்ட வடிவத்தை மென்பொருள் 'எஃப்' என்று படித்துவிடும். குறுகிய பத்திகளில் பெயர் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போயிருக்கும். எங்கள் அறிவிப்பில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் அப்படித்தான் இரண்டாக உடைந்திருந்தது. முழுப் பெயரை எத்தனை முறை தேடியிருந்தாலும் அது கிடைத்திருக்காது. பெயரைத் தேடிக் களைத்துப்போனவர்கள் தெருவின் பெயரையும், தொழிலையும், பக்கத்து வீட்டுக்காரரின் பெயரையும், நிலத்தின் பெயரையும் தேடிப் பார்க்க வேண்டும். பெண்களைத் தேடுவது இன்னும் கடினம். பல நாடுகளின் பத்திரிகைகள் நெடுங்காலம் திருமணமான பெண்ணைக் கணவரின் பெயராலேயே குறிப்பிட்டன. அவருடைய சொந்தப் பெயர் இறப்பு அறிவிப்பில்கூட வராமல் போயிருக்கிறது. ஒரு மொழியின் பெயரை வேறொரு மொழியின் எழுத்தில் எழுதும்போது ஏற்படும் குழப்பத்தைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரே மனிதரின் பெயர் ஒரே வழக்குக் கட்டில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதைப் பார்த்த பிறகு, எழுத்து வேறுபாட்டை வைத்து ஆள் வேறு என்று நான் சொல்வதில்லை.

'ட்ரோவ்' தளத்தில் மென்பொருள் பிழையாகப் படித்த வரிகளை வாசகர்களே திருத்தலாம். கோடிக்கணக்கான வரிகளை அவ்வாறு திருத்தியிருக்கிறார்கள். ஒருவர் தம் குடும்பத்துக்காகத் திருத்திய வரி, முன்பின் அறியாத இன்னொருவரின் தேடலில் மறுநாள் வந்து நிற்கும். இப்படிப்பட்ட வசதி உள்ள தளங்களைப் பயன்படுத்துபவர்கள், தாங்கள் படித்த பத்தியையாவது திருத்திவிட்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இறுதியில் எனக்குக் கைகொடுத்தது பழைய முறைதான். கொள்ளுத்தாத்தாவின் தந்தை இறந்த ஆண்டு ஏறத்தாழத் தெரிந்திருந்ததால், அதற்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளின் இதழ்களை நுண்படச் சுருளில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒன்றுவிடாமல் படித்தேன். ஒருவர் இறந்த பின் வரும் சில ஆண்டுகளில்தான் சொத்து குறித்த பேச்சு எழும். கடன்காரர்களுக்கான அறிவிப்பும், உயில் குறித்த அறிவிப்பும், பங்கு கேட்கும் வழக்கும் அப்போதுதான் வரும். எல்லாப் பக்கங்களையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்தக் காலத்தையாவது முழுமையாகப் படித்துவிட வேண்டும்.

இனி நீதிமன்றத்துக்கு வருகிறேன். முன்னோர் குற்றவாளிகளாக இருந்திருந்தால்தான் நீதிமன்ற ஆவணத்தில் இருப்பார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். குற்ற வழக்குகளும் முக்கியமானவைதாம். லண்டனின் 'ஓல்ட் பெய்லி' நீதிமன்றத்தில் 1674 முதல் 1913 வரை நடந்த விசாரணைகளைப் பற்றி அச்சிடப்பட்ட அறிக்கைகள், 1,97,745 வழக்குகள், இன்று இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டுமல்லாமல், பொருளைப் பறிகொடுத்தவர்களும் சாட்சி சொன்னவர்களும் இருக்கிறார்கள். வேலைக்காரப் பெண்ணும் சுமைகூலியும் தாம் எங்கே வசித்தோம், யாரிடம் வேலை செய்தோம் என்று தம் வாயால் சொன்னவை அங்கே இருக்கின்றன. ஆயினும் குடும்ப வரலாற்றுக்கு உரிமையியல் வழக்குகளே பெருஞ்செல்வம் என்பது என் முடிவு. உயில், வாரிசுரிமை, சிறார்க்குப் பாதுகாவலர் நியமனம், பாகப்பிரிவினை, கடன், எல்லைத் தகராறு ஆகிய இவை எல்லாவற்றிலும் யாருக்கு யார் என்ன உறவு என்பதை நீதிமன்றத்தின் முன் நிறுவியாக வேண்டும். பங்கு கேட்பவர் தம் உறவைச் சொல்லாமல் பங்கு கேட்க முடியாது. அதை மறுப்பவரும் அந்த உறவைப் பற்றிப் பேசாமல் மறுக்க முடியாது. குடும்பத்தில் யாரும் வாய்விட்டுப் பேசாத உறவுகள் அங்கே சத்தியப் பிரமாணத்தின் மீது பேசப்பட்டுப் பதிவாகின்றன.

அமெரிக்காவில் 1906ஆம் ஆண்டுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் குடியுரிமை பெறுவதற்குக் கூட்டரசு நீதிமன்றம்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. பதிவேடு வைத்திருந்த எந்த நீதிமன்றத்திலும் விண்ணப்பிக்கலாம். அதனால் அந்த ஆவணங்கள் சிறு வட்டார நீதிமன்றங்களின் ஏடுகளுக்குள் சிதறிக் கிடக்கின்றன. மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தில், தம்மைச் சட்டத்துக்குப் புறம்பாக அடிமையாக வைத்திருப்பதாகக் கூறி விடுதலை கேட்டு அடிமைகள் தொடுத்த 300க்கும் மேற்பட்ட வழக்குகளின் ஆவணங்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. 1846இல் ட்ரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹேரியட்டும் தொடுத்த வழக்குகளும் அவற்றுள் அடங்கும். தாய் சுதந்திரமானவள் என்று நிறுவினால் பிள்ளைக்கு விடுதலை கிடைக்கும் என்பதால், அந்த வழக்குகளில் தாய்வழி உறவு விரிவாகப் பேசப்பட்டது. எழுதப் படிக்கும் உரிமையே மறுக்கப்பட்டவர்களின் குடும்பத் தொடர்பு அவ்வாறு எழுத்தில் நிலைத்திருக்கிறது.

பதிவறைக்குப் போகுமுன் சில வேலைகளை முடித்துக்கொள்ள வேண்டும். வழக்கு எந்த நிலை நீதிமன்றத்துக்கு உரியது, அந்த நீதிமன்றத்தின் ஆட்சி எல்லை அன்று எதுவரை இருந்தது, பின்னர் அது பிரிக்கப்பட்டதா, ஆவணங்கள் இன்னும் நீதிமன்றத்திலேயே உள்ளனவா அல்லது அரசு ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டனவா என்பவற்றை முன்னரே கேட்டறிந்தால் பல பயணங்கள் மிச்சமாகும். வழக்கு எண் தெரியாவிட்டால் வாதிகளின் பெயர்ப் பட்டியல், பிரதிவாதிகளின் பெயர்ப் பட்டியல் ஆகிய இரண்டையும் பார்க்க வேண்டும். பெயர்ப் பட்டியலில் முதல் வாதியின் பெயரும் முதல் பிரதிவாதியின் பெயரும் மட்டுமே இருப்பது வழக்கம் என்பதால், நம்மவர் மூன்றாம் பிரதிவாதியாக இருந்தால் அங்கே தென்படமாட்டார். அத்தகைய நிலையில் மீண்டும் பத்திரிகையைத்தான் நாட வேண்டும்.

எல்லா ஆவணங்களும் இருக்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது. பல நீதிமன்றங்களில் தீர்ப்பையும் தீர்ப்பாணையையும் பதிவேட்டையும் நிரந்தரமாக வைத்துக்கொண்டு, மற்றத் தாள்களைக் குறித்த ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடுவார்கள். தரப்பினர் தாக்கல் செய்த சான்றாவணங்கள் வழக்கு முடிந்ததும் அவரவரிடமே திருப்பிக் கொடுக்கப்படுவதும் உண்டு. எங்கள் வழக்கின் கட்டு முழுமையாக இருந்தது என் நற்பேறு. பதிவறையில் இருந்த முதிய ஊழியர் ஒருவர் இரண்டு நாள் தேடி, தூசி தட்டி, கட்டின் முடிச்சு இற்றுப்போயிருந்ததால் அதைத் தம் கையாலேயே அவிழ்த்துக் கொடுத்தார்.

வழக்குரையில் வாதியின் பெயரைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. வழக்குத் தொடுத்தவர் என் கொள்ளுத்தாத்தாவின் அக்காள். உடன்பிறந்தவரே இல்லை என்று சொல்லப்பட்டவருக்கு ஓர் அக்காளும் ஒரு தம்பியும் இருந்திருக்கிறார்கள். வழக்குரையோடு ஒரு கொடிவழி அட்டவணையை வழக்கறிஞர் இணைத்திருந்தார். அதில் நான்கு தலைமுறைகளின் பெயர்கள் இருந்தன. குழந்தையாக இறந்த இருவரின் பெயர்களும் இருந்தன. நான் பல ஆண்டுகளாகச் சேர்த்ததைவிட அந்த ஒரு தாளில் இருந்தது அதிகம்.

அந்த அட்டவணையை அன்றே நான் அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தால் தவறு செய்திருப்பேன். வழக்குரை என்பது ஒரு தரப்பின் வாதம். பங்கு கேட்பவர் தமக்கு வேண்டியதைச் சொல்வார். மறுப்பவர் தமக்கு வேண்டியதைச் சொல்வார். எதிர்வழக்குரையில் என் கொள்ளுத்தாத்தா, தம் தம்பி இறந்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். அக்காளோ தம்பி உயிரோடு இருப்பதாகச் சொன்னார். இருவரும் ஒத்துக்கொண்டவற்றை, அதாவது பெற்றோரின் பெயர், பிள்ளைகளின் வரிசை, தாய் இறந்த ஆண்டு ஆகியவற்றை நான் ஏற்றுக்கொண்டேன். ஒருவர்க்கொருவர் பகையாக நின்றபோதும் இருவரும் மறுக்காத செய்தி பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அவர்கள் முரண்பட்டவற்றைக் குறித்துவைத்து, வேறு சான்று தேடினேன். கொள்ளுத்தாத்தாவின் வயது மட்டும் வாக்குமூலத்தில் ஒன்று, பத்திரிகையின் இறப்பு அறிவிப்பில் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் ஒன்று என மூன்று விதமாக இருக்கிறது. மூன்றையும் இடத்தோடும் நாளோடும் எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்ற இரண்டை அழித்துவிட எனக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

சட்டச் சொற்களின் அன்றைய பொருளையும் அறிந்திருக்க வேண்டும். ஆங்கில நீதிமன்ற ஆவணங்களில் 'இன்ஃபன்ட்' என்றால் கைக்குழந்தை அன்று. 21 வயது நிறையாத எவரும் 'இன்ஃபன்ட்'தான். 'ஆர்ஃபன்' என்று குறிப்பிடப்பட்ட பிள்ளைக்குத் தாய் உயிரோடு இருந்திருக்கலாம். தந்தையை இழந்தாலே பல இடங்களில் அச்சொல்லை எழுதினார்கள். இன்று மருமகனைக் குறிக்கும் 'சன்-இன்-லா' என்ற சொல் பழைய ஆவணங்களில் மனைவியின் முந்தைய கணவருக்குப் பிறந்த மகனையும் குறித்தது. பெயருக்குப் பின் 'சீனியர்', 'ஜூனியர்' என்று இருப்பவர்கள் தந்தையும் மகனுமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே ஊரில் ஒரே பெயருடைய மூத்தவரும் இளையவருமாகவும் இருக்கலாம். இங்கிலாந்தின் நீதிமன்றப் பதிவேடுகள் பல 1733 மார்ச் 25 வரை இலத்தீனில் எழுதப்பட்டன என்பதால், அதற்கு முந்தைய காலத்துக்குச் செல்பவர் அம்மொழியின் வழக்கமான தொடர்களையேனும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆவணங்கள் அழிந்துபோன இடங்களில் இவ்விரு மூலங்களும் ஒன்றுக்கொன்று துணையாக நின்றிருக்கின்றன. டப்ளினில் இருந்த அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் தீக்கிரையானபோது, பல நூற்றாண்டுகளின் உயில்களும் நீதிமன்ற ஆவணங்களும் சாம்பலாயின. அந்த வழக்குகளில் சிலவற்றைப் பற்றி இன்று நாம் அறிவது, அன்றைய பத்திரிகைச் செய்தியாளர்கள் நீதிமன்றத்தில் அமர்ந்து எழுதியவற்றிலிருந்துதான். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 ஜனவரியில் வாஷிங்டனில் ஏற்பட்ட தீவிபத்தில் அழிந்தோ கடுமையாகச் சேதமடைந்தோ போனது; எஞ்சியதில் பெரும்பகுதி பின்னர் அழிக்கப்பட்டது. 1880க்கும் 1900க்கும் இடையே முன்னோரைத் தொலைத்தவர்கள் அந்த இருபதாண்டு இடைவெளியை வட்டாரப் பத்திரிகையையும் நீதிமன்றப் பதிவேட்டையும் கொண்டுதான் நிரப்புகிறார்கள். பத்திரிகைகளும் தப்பவில்லை. லண்டனின் காலின்டேலில் இருந்த பத்திரிகைக் காப்பகத்தில் 1940 அக்டோபரில் குண்டு விழுந்து சுமார் 6,000 தொகுதிகள் அழிந்தன. குண்டும் தீயும் படாத இடங்களில்கூட, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பயன்பாட்டுக்கு வந்த மரக்கூழ்த் தாள் தன்னுள் இருக்கும் அமிலத்தால் பழுத்து, தொட்டால் உதிர்கிறது. அதற்கு முந்தைய கந்தல் துணித் தாளில் அச்சான பத்திரிகை இன்னும் உறுதியாக இருக்க, அதன் பேரன் வயதுடைய பத்திரிகை நொறுங்குவதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. எந்த ஊர் நூலகத்திலாவது பழைய பத்திரிகைக் கட்டு கிடப்பது தெரிந்தால், நம் குடும்பத்தின் பெயர் அதில் இருக்கிறதோ இல்லையோ, அனுமதி பெற்றுப் படமெடுத்து வைப்பது அவசரமான வேலை.

கிடைப்பவை எல்லாம் மகிழ்ச்சி தருபவையாக இருக்கமாட்டா. கைவிடப்பட்ட மனைவியின் மனுவும், பிள்ளையை மறுத்த தந்தையின் வாக்குமூலமும், தற்கொலை பற்றிய விசாரணைச் செய்தியும் நம் கைக்கு வரும். இறந்தவர்களைப் பற்றிய உண்மையை மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அச்செய்தியால் காயப்படக்கூடிய ஒருவர் உயிரோடு இருந்தால், அவரிடம் முதலில் தனியாகச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதை நான் கடைப்பிடிக்கிறேன். வழக்கின் நகலை எடுத்துக்கொண்டு முதலில் அப்பாவிடம்தான் சென்றேன். அவர் இரண்டு முறை படித்தார். தம் தாத்தா அக்காளோடு பேச்சை நிறுத்தியதோடு நில்லாமல், அக்காள் என்ற சொல்லையே வீட்டில் நிறுத்திவிட்டிருக்கிறார் என்று மெதுவாகச் சொன்னார். பாட்டி பொய் சொல்லவில்லை என்பதும் அப்போது எனக்குப் புரிந்தது; அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அவரிடம் அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கிறது.

அக்காளின் வாக்குமூலம் மூன்று பக்கம். தாய் இறந்த மறு ஆண்டு தம்பி வீட்டை விட்டுப் போனதாகவும், அதன் பின் தமக்கு இரண்டு கடிதங்கள் எழுதியதாகவும், அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அவையே சான்று என்றும் அவர் சொல்லியிருந்தார். அந்தக் கடிதங்கள் நீதிமன்றத்தில் சான்றாவணங்களாகக் குறியிடப்பட்டன. கட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். கடிதங்கள் அதில் இல்லை. சான்றாவணப் பட்டியலில் அவற்றுக்கு நேரே, தரப்பினரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன என்ற குறிப்பும், பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக அக்காளின் இடது பெருவிரல் ரேகையும் இருந்தன. அந்த ரேகையின் கோடுகள் இன்னும் தெளிவாக இருக்கின்றன.

கடிதங்கள் அவருடைய வீட்டுக்குத்தான் திரும்பியிருக்க வேண்டும். அவருக்கு இரண்டு பெண்கள் என்று கொடிவழி அட்டவணை சொல்கிறது. அவர்கள் எங்கே வாழ்க்கைப்பட்டார்கள் என்பதை அறிய, தீர்ப்பு வந்த நாளிலிருந்து அந்த வாரப் பத்திரிகையை மறுபடியும் பக்கம் பக்கமாகப் படித்து வருகிறேன். இதுவரை நான்கு ஆண்டுகளின் இதழ்கள் முடிந்திருக்கின்றன. ஐந்தாம் ஆண்டின் சுருளை அடுத்த வாரம் எடுத்துவைப்பதாக நூலகத்தில் சொல்லியிருக்கிறார்கள்.